ஒருமுறை தருவித்தது முப்பது கணினிக்கும்

மாதத்துக்குரிய இணையப் பங்கு மென்பொருட் செப்பங்களைத் தருவிப்பதிலேயே தீர்ந்துவிடுகின்றது என்று, பாடசாலைக் கணினி அறையைப் பொறுப்பேற்றவர்கள் குறைப்படுவதுண்டு. ஆதலின், “அடுத்த தவணையிற் பார்ப்போம்” என்று அவற்றை ஒத்திப்போடுவர். இச்செப்பங்களுட் பல, அந்நியர் நுழையத்தக்க ஓட்டைகளை அடைப்பன. அவற்றை ஒத்திப்போடுதல் கதவைத் தாழிடாது உறங்குவதை ஒக்கும்.

கணக்கைச் சிறிது பாருங்கள். 60 மெகாபைற்று அளவான பொதியொன்றை 30 கணினிகள் தனித்தனியே தருவித்தால் 1800 மெகாபைற்றுச் செலவாகும். வாயிலில் ஒரு பதிலாளை, அஃதாவது புறொக்சிக் கணினியை அமர்த்தி, முதற்கணினிக்காகத் தருவித்ததைச் சேமித்து ஏனைய 29க்கும் வழங்கச் செய்தால் 60 மெகாபைற்றே போதும்.

இத்தொழிலிற் பெயர்பெற்ற மென்பொருள் ஸ்குவிட். தமிழிற் சொன்னாற் கணவாய்! கறிக்குரியதன்று, 1996ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்து வருவது.

அதனை நிறுவிய மாத்திரத்தே மிச்சம் கண்டுவிடலாம் என எண்ணற்க. அண்மைப் பதிப்புக்கள் தாமாக வட்டில் எதனையும் சேமிப்பதில்லை. நினைவகத்தில் மட்டும், அதுவும் 512 கிலோபைற்றுக்கு உட்பட்டவற்றையே வைத்திருக்கும். ‘காஷ் டிர்’ என்னும் வரியால் வட்டில் இடம் ஒதுக்கினாலும், 4 மெகாபைற்றை மிஞ்சிய பொருளைச் சேமியாது. ‘மாக்ஸிமம் ஒப்ஜெக்ற் சைஸ்’ என்னும் வரியில் அவ்வெல்லையை 1 ஜிகாபைற்று வரை உயர்த்துக. இவ்வரி காஷ் டிர் வரிக்கு முன்னே நிற்றல் வேண்டும். பின்னே எழுதிவிட்டுத் தலையைச் சொறிவோர் பலர்.

இனி, எதனை வைத்திருப்பது, எதனை மீண்டும் கேட்பது? இதுவே விடயத்தின் உயிர்நிலை. டெபியன் என்னும் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பொதியின் பெயரிலேயே பதிப்பெண் உண்டு. திருத்தம் வந்தாற் பெயரும் மாறும். ஆகவே, ஒருமுறை வந்த பொதியை 90 நாள் வைத்திருப்பினும் கேடில்லை. ‘றிஃப்றெஷ் பற்றேர்ண்’ என்னும் விதி காலத்தை நிமிடத்திற் கேட்பதால் 129600 என எழுதுக. பொதிகளின் பட்டியலோ பெயர் மாறாது உள்ளே மாறுவது. அதற்குப் பூச்சியம் நிமிடம் இட்டு, ஒவ்வொரு தடவையும் மூலத்தில் விசாரிக்கச் செய்தல் வேண்டும். பழைய பட்டியலையே நீட்டும்படி விதி அமைந்துவிட்டால், புதிய திருத்தம் வந்த செய்தியே கணினிகளை எட்டாது. பணம் மிஞ்சும், காவல் போய்விடும். விதிகளுள் முதலிற் பொருந்துவதே செல்லும் என்பதால் வரிசையும் முக்கியம்.

பதிலாள் தந்த பொதியை நம்பலாமா? மாணவர் கேட்கவேண்டிய கேள்விதான். டெபியன் பட்டியல்கள் ஒப்பமிட்ட ஓர் ஏட்டினால் உறுதி செய்யப்படுவன. ஒவ்வொரு பொதியின் கைரேகை போன்ற எண்ணும் பட்டியலில் உண்டு. இடைவழியிற் பொதி பழுதுற்றிருப்பின் கணினி அதனை ஏற்காது. எச்.ரி.ரி.பி.எஸ். வழியில் வருபவையோ முத்திரையிட்ட உறைகள். பதிலாள் அவற்றைக் கடத்திவிடுமேயன்றித் திறந்து சேமிக்க மாட்டாது. அவ்வகைச் செப்பங்களுக்கு இம்முறை உதவாது.

ஒவ்வொரு கணினிக்கும் பதிலாளின் முகவரியையும் 3128 என்னும் வாயில் எண்ணையும் அறிவித்தபின், இரு கணினிகளில் ஒரே பொதியை அடுத்தடுத்து நிறுவி, ஸ்குவிட்டின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். முதலாவதற்கு எதிரே ‘மிஸ்’ என்றும் இரண்டாவதற்கு எதிரே ‘ஹிற்’ என்றும் இருத்தல் வேண்டும். இரண்டிலும் ‘மிஸ்’ என்றிருந்தால், முதலில் அந்த 4 மெகாபைற்று எல்லையைச் சோதியுங்கள்.