ஓடிப் போகவில்லை, இறந்துவிட்டது

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பிள்ளை வளர்த்த நாயோ பூனையோ இறந்துபோனால், அந்தச் செய்தி பிள்ளையின் காதுக்குப் போவதற்குள் பெரும்பாலும் வேறு உருவம் எடுத்துவிடுகிறது. பள்ளி வேனிலிருந்து இறங்கியதும் "டைகர் எங்கம்மா?" என்று கேட்கும் மகனுக்கு, "கேட்டு தொறந்து கெடந்துச்சுய்யா, ஓடிப் போயிருச்சு" என்று பதில் வருகிறது. இன்னொரு வீட்டில், பந்திங்கில் இருக்கும் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். செத்தது மீன் என்றால் காரியம் இன்னும் சுலபம்: அதே நிறத்தில் வேறொரு மீன் சாயங்காலத்துக்குள் தொட்டிக்கு வந்துவிடும். இதைச் செய்கிற பெற்றோர் இரக்கமில்லாதவர்கள் அல்லர். பிள்ளை அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் செய்கிறார்கள். ஆனாலும் இந்தப் பொய்யால் பிள்ளையின் துக்கம் குறைவதில்லை, துக்கப்படத் துணைதான் இல்லாமல் போகிறது. வளர்த்த பிராணி இறந்தால் அதை அன்றைக்கே, நேராக, இறந்துவிட்டது என்றே பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அதை வழியனுப்பும் காரியத்தில் பிள்ளைக்கும் ஒரு வேலை தர வேண்டும். நம் வட்டாரத்து வாழ்க்கை அமைப்பு இந்த எளிய காரியத்தைக் கடினமாக்கியிருக்கிறது என்பதால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பொய் சொன்ன பிறகு பிள்ளையின் மனதில் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். ஓடிப்போன நாய் திரும்பி வரக்கூடும். ஆகவே பிள்ளை காத்திருக்கிறது. கேட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்க்கிறது. அடுத்து, கேட்டைத் திறந்து போட்டது யார் என்ற கேள்வி வருகிறது. நேற்று மாலை சைக்கிளை வெளியே எடுத்தது தான்தானே என்று ஏழு வயதுப் பிள்ளை கணக்குப் போடும். தான் நினைத்ததாலும் திட்டியதாலும்கூடக் கெட்டது நடக்கும் என்று நம்புகிற வயது அது. போதாததற்கு, தன்னிடம் அத்தனை பிரியமாக இருந்த ஒன்று தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்ற காயமும் சேர்ந்துகொள்கிறது. உண்மை ஒன்றைத்தான் மறைத்தோம், பதிலுக்கு மூன்று சுமையை ஏற்றியிருக்கிறோம். "டாக்டர் தூங்க வெச்சிட்டாரு" என்று சொல்வதும் இதே கதைதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி அறிக்கை, மரணத்தைத் தூக்கம் என்று சிறு பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று வற்புறுத்துகிறது. இரவு படுக்கவே பயப்படும் பிள்ளைகளும், அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து என்றதும் அலறும் பிள்ளைகளும் இப்படித்தான் உருவாகிறார்கள். பிறகு ஒருநாள் அக்காவோ பக்கத்து வீட்டுப் பையனோ போகிற போக்கில் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அதற்கப்புறம் பாட்டி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது "பாட்டிக்கு ஒண்ணுமில்ல" என்று அம்மா சொன்னால் பிள்ளை எதை நம்பும்?

இந்த இடத்தில் வழக்கமாக எழும் மறுப்பு, "சின்னப் பிள்ளைக்குச் சாவு என்ன புரியும்?" என்பது. இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1948இல் மரியா நாகி என்ற உளவியலாளர் 3 முதல் 10 வயது வரையிலான 378 ஹங்கேரியப் பிள்ளைகளிடம் மரணத்தைப் பற்றிக் கேட்டு, வயதுக்கு ஏற்ப அவர்கள் புரிதல் எப்படி மாறுகிறது என்று எழுதினார். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சாவு என்பது வெளியூர் போய் வருவதுபோல. ஒன்பது, பத்து வயதில் அது எல்லோருக்கும் வரும் முடிவு என்பது தெளிகிறது. பின்னாளில் ஸ்பீஸ், பிரெண்ட் என்ற இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 1984இல் வெளியிட்ட கட்டுரை இந்த வயதை இன்னும் கீழே கொண்டுவந்தது. செத்தது திரும்பாது, செத்த உடம்பு இயங்காது, உயிருள்ள எல்லாம் சாகும் என்ற மூன்றையும் பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பிடித்துக்கொள்கிறார்கள் என்றார்கள் அவர்கள். அதாவது தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இது எட்டாத விஷயமல்ல. அதைவிடச் சின்னவர்களுக்கு முழுதாக எட்டாது என்பது உண்மை. ஆனால் எட்டாத பிள்ளைக்கு எட்டும்படி சொல்வதுதானே நம் வேலை. "டைகர் செத்துப் போச்சுய்யா. அதோட உடம்பு இனிமே வேலை செய்யாது. பசிக்காது, வலிக்காது. திரும்பி வராது. நீ எதுவும் தப்பு பண்ணல." இதற்கு மேல் பெரிய விளக்கம் தேவையில்லை. நாளைக்கும் அதே கேள்வியைக் கேட்கும். நாளைக்கும் அதே பதிலைச் சொல்ல வேண்டும். இரவுச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கும் வெள்ளெலியின் ஆயுள் இரண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டு. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுக்கிறவர், மூன்றாம் ஆண்டில் இந்தப் பேச்சு வரும் என்று தெரிந்தே வாங்குகிறார்.

துக்கம் உண்மையானதா, இரண்டு நாளில் மறந்துவிடக் கூடியதா என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1991, 1992 ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து 6,260 பிள்ளைகளின் விவரங்களை எடுத்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டில் பிராணி வளர்ந்த பிள்ளைகளில் 63 விழுக்காட்டினர் ஏழு வயதுக்குள்ளேயே அதன் மரணத்தைச் சந்தித்துவிட்டனர். இழந்த பிள்ளைகளிடம், எட்டு வயதில் மனநலச் சிக்கல்களின் அறிகுறிகள் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. அது பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம். ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று இந்த வகை ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது. பிராணிகள் வளர்க்காதீர்கள் என்று சொல்லவும் இது ஆதாரமல்ல. ஆனால் ஆண் பிள்ளைகளைப் பற்றிய அந்தச் செய்தி நம் வீடுகளில் நின்று யோசிக்க வேண்டியது. "ஆம்பளப் புள்ள, ஒரு பூனைக்குப் போயி அழுவுறியா?" என்று கேட்காத தமிழ்க் குடும்பம் குறைவு. அழுகை நின்றுவிடும், சந்தேகமில்லை. அது போகும் இடம்தான் நமக்குத் தெரியாமல் போகிறது: பள்ளியில் அடிதடியாக, வயிற்றுவலியாக, திடீரென்று இறங்கிவிட்ட மதிப்பெண்ணாக அது திரும்பி வந்தால் நாம் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

இனி இந்த வட்டாரத்துக்கு வருகிறேன். தோட்டத்து லயங்களில் வளர்ந்த தலைமுறைக்கு இப்படி ஒரு கட்டுரை தேவைப்பட்டிருக்காது. நாயும் கோழியும் ஆடும் மாடும் கண்ணெதிரே பிறந்தன, கண்ணெதிரே செத்தன. நாய் செத்தால் தாத்தா மண்வெட்டியோடு செம்பனை மரங்களுக்கு நடுவே போவார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். யாரும் அவர்களுக்கு மரணத்தைப் பாடமாக நடத்தவில்லை, அதை அவர்களிடமிருந்து மறைக்கவும் இல்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. ஷா ஆலாம் நகரமே சுங்கை ரெங்கம் தோட்டத்து நிலத்தில் எழுந்ததுதான்; கிள்ளானில் புக்கிட் ராஜா என்றால் இன்று தொழிற்பேட்டையும் வீடமைப்பும். அடுக்குமாடிக்குக் குடிபோன குடும்பங்கள் தோண்டிப் புதைக்க ஒரு முழம் மண்ணும் இல்லாதவர்கள் ஆனார்கள். பிராணி வளர்ப்பதற்கே அங்கு நிபந்தனை உண்டு. 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிகளின்படி, அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணியை, நிர்வாகத்தின் எழுத்து மூலமான அறிவிப்பு கிடைத்த மூன்று நாளுக்குள் அப்புறப்படுத்தியாக வேண்டும். இதனால், "மாமா வீட்டுக்கு அனுப்பிட்டோம்" என்பது இங்கே பல வீடுகளில் மெய்யாகவே நடக்கிறது. மெய்யாக அனுப்பப்பட்ட நாயும் பொய்யாக அனுப்பப்பட்ட நாயும் பிள்ளைக்கு ஒன்றுதான். தொல்லை கொடுத்தால் வேண்டியவர்களையும் அனுப்பிவிடுவார்கள் என்பதே பிள்ளை அதிலிருந்து கற்கும் பாடம்.

மண் இல்லாத இடத்தில் மரணம் கிளினிக்குக்குப் போய்விட்டது. பார்வோ வைரஸ் தாக்கிய குட்டி திங்கட்கிழமை சோறு தின்னாமல் படுக்கும், வியாழனுக்குள் முடிந்துவிடும். இடைப்பட்ட நாளெல்லாம் பிள்ளை பள்ளியிலும் டியூசனிலும் இருக்கும். கிளினிக்கில் ஒரு படிவம் நீட்டப்படும்: மற்றப் பிராணிகளோடு சேர்த்து எரிப்பதா, தனியாக எரித்துச் சாம்பலைத் திருப்பித் தருவதா? அப்பா கட்டணத்தைப் பார்த்து ஒன்றில் டிக் அடிப்பார். உடல் பையில் கட்டப்படும். பிள்ளை வீடு திரும்பும்போது தண்ணீர்க் கிண்ணம்கூட இருக்காது. இந்த வரிசையில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை, ஆனால் பிள்ளை ஒரு இடத்திலும் இல்லை. பையைக் கட்டுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்: "உன் டைகரப் பாக்க வர்றியாமா?" வருகிறேன் என்றால் கூட்டிப்போக வேண்டும், வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. ஊசி போட்டு உயிரை அடக்கும் நேரத்தில் உடனிருக்க மூத்த பிள்ளை விரும்பினால், நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மயக்க மருந்துதான் அதிக அளவில் ஏற்றப்படுகிறது, சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும், கண் மூடாது, நின்ற பிறகும் ஒருமுறை மூச்சு இழுப்பதுபோலத் தோன்றலாம், சிறுநீர் கழியலாம். சொல்லப்படாத பிள்ளை அந்தத் திறந்த கண்ணைப் பார்த்து, இன்னும் உயிர் இருக்கிறது, நாம்தான் கொன்றுவிட்டோம் என்று நினைத்துவிடும். நாட்டின் கால்நடை மருத்துவர்களில் பலரை உருவாக்கும் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகம், ஊசி போடும் கையைப் பழக்குவதோடு ஒரு பிள்ளையிடம் இதைச் சொல்லும் வாயையும் பழக்கினால் இந்த வட்டாரத்து வீடுகளுக்கு அது பெரிய உதவி.

"நாய்க்கெல்லாம் காரியம் பண்றது வெள்ளைக்காரன் பழக்கம்" என்பது அடுத்த மறுப்பு. இது வரலாறு தெரியாமல் சொல்வது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் நிற்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. வீரன் கருந்தேவகத்தி விழுந்த பிறகு, கள்ளர்களைக் கடித்து அங்கேயே காவல் நின்ற நாயும் அந்தக் கல்லில் இருக்கிறது; அதன் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். பதினான்கு நூற்றாண்டாக ஒரு நாயின் பெயர் தமிழ் எழுத்தில் இருக்கிறது. மதுரைப் பக்கத்தில் சல்லிக்கட்டுக் காளை இறந்தால் ஊர் கூடி மாலை போட்டு, மேளத்தோடு அடக்கம் செய்வது இன்றும் நடக்கிறது. வைரவர் சந்நிதியில் நாய் வாகனத்தைப் பார்த்துக் கும்பிடும் பிள்ளையிடம், நாய் செத்தால் அழக் கூடாது என்று நாம் எந்த வாயால் சொல்வது? பதினாறாம் நாள் காரியம் செய்யச் சொல்லவில்லை. பிள்ளையே தேர்ந்தெடுத்த துணியில் சுற்றட்டும், ஒரு பூ வைக்கட்டும், கழுத்துப்பட்டையைத் தானே வைத்துக்கொள்ளட்டும், ஒரு படம் வரையட்டும். ஊர் அங்கீகரிக்காத துக்கத்துக்கு ஆள் தனியாகவே தவிக்க நேரிடும் என்பதை அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் நூலாகவே தொகுத்தார். அந்த அங்கீகாரத்தைத் தரப் பிள்ளைக்கு ஊர் வேண்டாம், வீட்டில் உள்ள நான்கு பேர் போதும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. வாடகை, வேலை, கடன் என்று இரண்டு ஷிப்ட் ஓடும் குடும்பத்துக்கு இதற்கெல்லாம் நேரமா என்ற கேள்வி. அதை ஏளனம் செய்ய முடியாது. ஆனால் நான் கேட்பது பணம் செலவாகும் காரியமல்ல; பத்து நிமிட உண்மையும் ஒரு மாலைப் பொழுதும்தான். அதுவும் முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியிலோ கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியிலோ, நாட்டின் எந்தத் தமிழ்ப்பள்ளியிலோ, வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென்று ஒடுங்கிப்போனால், "வீட்டுல என்னப்பா நடந்துச்சு?" என்று முதலில் கேட்கக் கூடியவர் வகுப்பாசிரியர்தான். பதிலாக "எங்க பூனை செத்துப் போச்சு டீச்சர்" என்று வந்தால், அதை இலேசாகத் தட்டிவிடாமல் அதன் பெயரைக் கேட்பது ஆசிரியரால் முடிந்த காரியம். உண்மையை நேராகச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு: இப்போது மறைத்தாலும் மரணம் மறைவதில்லை. 2024 அக்டோபரில் திரங்கானு, பெசுட்டில் கோப்பி என்ற தெருநாய் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அதன் படம் நாடு முழுவதும் கைப்பேசிகளில் பரவியது. பெற்றோர் பேசத் தயாராகும் முன்பே பிள்ளைகளின் கையில் மரணம் வந்துவிடுகிற காலம் இது.

கடைசியாக, புதுக் குட்டி. அழுகையை நிறுத்த மறுநாளே ஒன்றை வாங்கி வந்து நிறுத்துவது நம்மில் பலர் செய்வது. மீன் தொட்டியில் மீனை மாற்றிவைத்த அதே வேலைதான் இது, பகிரங்கமாக நடக்கிறது என்பது ஒன்றே வித்தியாசம். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கணக்கு எதுவும் இல்லை. செத்துப்போனதைப் பற்றிப் பிள்ளை அழாமலும் பேச முடிகிறதா, புதியதை அதற்கே உரிய பெயரில் கூப்பிட விரும்புகிறதா என்று பார்த்தால் போதும். சில பிள்ளைகள் இரண்டாம் வாரமே கேட்பார்கள், சிலர் ஓராண்டு ஆனாலும் வேண்டாம் என்பார்கள். மாதக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, பள்ளிக்கே போக மறுக்கும் பிள்ளையைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ கூட்டிப் போக வேண்டும். மற்றப்படி, வேண்டாம் என்கிற பிள்ளையிடம் புதுக் குட்டியைத் திணிக்க வேண்டியதில்லை.