பூட்டை மாற்றினால் போதுமா? அமெரிக்காவைக் கலக்கிய கார் திருட்டு

வீட்டுக்குப் பூட்டு உண்டு. பீரோவுக்குப் பூட்டு உண்டு. மோட்டார் காருக்கும் பூட்டு உண்டு.

ஆனால் இந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இருப்பது ஒரு பூட்டு அல்ல. இரண்டு பூட்டு!

ஒன்று, நாம் சாவியை நுழைத்துத் திருப்புகிறோமே, அந்தப் பூட்டு. அது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. அதன் பெயர் 'இம்மொபிலைசர்'. 'நகர விடாதது' என்று பொருள்.

இந்த இரண்டாவது பூட்டு இல்லாமல் லட்சக்கணக்கான கார்கள் அமெரிக்காவில் விற்கப்பட்டன. அதனால் என்ன நடந்தது? கார்கள் களவு போயின. இளம் பிள்ளைகள் உயிர் இழந்தார்கள். பெரிய பெரிய நகரங்கள் கோர்ட்டுப் படி ஏறின.

இந்த விவகாரத்தில் 2025-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு பெரிய உடன்பாடு ஏற்பட்டது. ஹூண்டாய், கியா என்ற இரண்டு கொரியா நாட்டுக் கம்பெனிகள் ஒரு பக்கம். 35 மாநிலங்களின் அரசாங்க வக்கீல்கள் மறு பக்கம்.

சிறு பூட்டு ஒன்றுக்கு இவ்வளவு வழக்கா என்று தோன்றுகிறது அல்லவா? முதலில் இருந்து பார்ப்போம்.

விடிந்தால் காரைக் காணோம்!

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி என்று ஒரு நகரம். அங்கேதான் இந்தத் திருட்டு முதலில் பெரிதாகத் தலை தூக்கியது.

இரவில் வாசலில் கார் நிற்கும். விடிந்து பார்த்தால் இருக்காது. நின்ற இடத்தில் கண்ணாடித் தூள்தான் கிடக்கும்.

2021-ம் ஆண்டில் அந்த நகரில் திருடு போன கார்களில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹூண்டாய், கியா கார்கள்தான்!

திருடியவர்கள் யார்? பழைய கேடிகள் அல்ல. அவர்களில் பலர் மீசை முளைக்காத பையன்கள்! 'கியா பையன்கள்' என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது.

காரை விற்றுப் பணம் பண்ணுவது அவர்கள் நோக்கம் அல்ல. வேகமாக ஓட்டிப் பார்ப்பது, அதைப் படம் எடுத்து மற்றவர்களுக்குக் காட்டுவது, பிறகு எங்காவது விட்டுவிட்டு ஓடுவது. இதுதான் அவர்களுடைய விளையாட்டு.

2022-ம் ஆண்டில் அந்தப் படங்கள் செல்போன் மூலம் நாடு முழுவதும் பரவின. விளையாட்டும் பரவியது.

அது வினையாகவும் முடிந்தது. 2022-ம் ஆண்டு அக்டோபர் மாதம், நியூயார்க் மாநிலத்தில் உள்ள பபலோ நகரில், திருடிய கியா கார் ஒன்று விபத்துக்கு உள்ளானது. காரில் 6 பேர் இருந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். எல்லாம் வாழ வேண்டிய வயது.

இந்தத் திருட்டுகள் தொடர்பாக 14 விபத்துகளும் 8 சாவுகளும் நேர்ந்ததாகத் தகவல் வந்திருப்பதாக, அமெரிக்க சாலைப் பாதுகாப்பு இலாகா 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தது.

சாவிக்குள் ஒரு காவல்காரன்

மற்ற கம்பெனிகளின் கார்கள் ஏன் இப்படிப் போகவில்லை? இங்கேதான் இரண்டாவது பூட்டின் ரகசியம் இருக்கிறது.

இம்மொபிலைசர் உள்ள காரின் சாவியைப் பாருங்கள். பிடியில் கறுப்பாக ஒரு தலை இருக்கும். அதற்குள் அரிசி மணி அளவில் ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. 'சிப்' என்று சொல்லுவார்கள்.

பூட்டைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று வளையம்போல் இருக்கும். சாவியை நுழைத்ததும் அந்த வளையம் சிப்புக்குச் சக்தி கொடுக்கிறது. அதனால் சிப்புக்குத் தனி பாட்டரி தேவை இல்லை.

உடனே ஒரு கேள்வி போகிறது: "நீ யார்?"

சிப் தன் ரகசியச் சொல்லைச் சொல்கிறது. சொல் சரியாக இருந்தால், என்ஜினை நடத்தும் சின்னக் கம்ப்யூட்டருக்கு உத்தரவு போகிறது. என்ஜின் ஓடுகிறது.

சொல் தவறா? என்ஜினுக்குப் பெட்ரோல் போகாது. அல்லது தீப்பொறி கிடைக்காது. பூட்டை உடைத்தாலும் சரி, கள்ளச்சாவி போட்டாலும் சரி, கார் நகராது.

இவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். பிற்காலத்தில் வந்த கார்களில் கேள்வியும் பதிலும் ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை ஒட்டுக் கேட்டவனுக்கு அடுத்த தடவை பயன் இல்லை!

திருட்டுக்கு ஆளான ஹூண்டாய், கியா கார்களில் இந்தக் காவல்காரன் இல்லை. பூட்டை உடைத்தால், அதற்கு மேல் கேள்வி கேட்க ஆள் இல்லை.

சாவி போட்டுத் திருப்பும் கார்களுக்குத்தான் இந்தக் கதி. பொத்தானை அமுக்கிக் கிளப்பும் கார்களில் காவல்காரன் இருந்தான். அதாவது, குறைந்த விலைக்குக் கார் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டுக் கொண்டார்கள்.

வேறு காரில் இருந்து எடுத்து மாட்டினால்?

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி எழும்.

"காவல்காரன் இல்லை என்றால், உள்ள ஒரு காரில் இருந்து பூட்டையும் இம்மொபிலைசரையும் கழற்றி இதில் மாட்டிவிட்டால் போகிறது! இதற்கு ஏன் இத்தனை வழக்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால் அது அவ்வளவு சுலபம் அல்ல.

பழைய காலத்தில் பூட்டு வெறும் இரும்பு. ஒரு காரின் பூட்டை இன்னொரு காரில் மாட்டலாம். அளவு பொருந்தினால் போதும். வேலை முடிந்தது.

இம்மொபிலைசர் வந்த பிறகு அது ஒரு குடும்பம் ஆகிவிட்டது. சாவியில் உள்ள சிப், பூட்டில் உள்ள வளையம், இம்மொபிலைசர் பெட்டி, என்ஜின் கம்ப்யூட்டர். இந்த நாலும் சேர்ந்து வேலை செய்பவை. ரகசியச் சொல் தெரிந்தால்தான் ஒன்றை ஒன்று நம்பும். அன்னியரைச் சேர்க்காது.

பூட்டை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? புதுச் சாவி திரும்பும். ஆனால் அதில் உள்ள சிப்பைக் காருக்கு அடையாளம் தெரியாது. சில கார்கள் கிளம்பவே கிளம்பாது. சில கார்கள் கிளம்பி, ஓரிரு விநாடியில் நின்றுவிடும்.

என்ஜின் கம்ப்யூட்டரை மட்டும் மாற்றினால்? அதுவும் பழைய வீட்டு ரகசியத்தையே நினைத்துக்கொண்டு இருக்கும். புது வீட்டுச் சாவியை ஏற்காது.

அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக்குகள், மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் ஒரே காரில் இருந்து செட்டாக எடுத்து மாற்றுகிறார்கள். இல்லாவிட்டால், கம்பெனி கம்ப்யூட்டரை இணைத்து, ரகசிய எண்ணைக் கொடுத்து, புதிய உறுப்பைப் பழைய குடும்பத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். ஒரு தடவை ஒரு காரோடு சேர்ந்துவிட்ட சில உறுப்புகள், மறுபடி வேறு காரோடு சேரவே மாட்டா.

இம்மொபிலைசரே இல்லாமல் பிறந்த காரின் நிலைமை இன்னும் மோசம். பூட்டில் வளையம் இல்லை. அதற்கு வயர் இல்லை. காவல்காரனின் சொல்லைக் கேட்க என்ஜின் கம்ப்யூட்டருக்கும் கற்றுக் கொடுக்கப்படவில்லை. எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு காருக்குச் செய்யலாம். 80 லட்சம் கார்களுக்குச் செய்ய முடியுமா?

ஏன் வைக்கவில்லை?

சட்டம் கேட்கவில்லை. அதனால் வைக்கவில்லை!

ஐரோப்பிய நாடுகளில் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம் என்று 1998-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கனடா நாட்டில் 2007-ம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லை.

ஆனாலும் அங்கே மற்ற கம்பெனிகள் தாங்களாகவே வைத்தன. 2015-ம் ஆண்டு மாடல் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற கம்பெனிகளின் கார்களில் 100-க்கு 96-ல் இம்மொபிலைசர் இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 100-க்கு 26-ல்தான் இருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணக்கு இது.

இதில் ஒரு வேடிக்கை! இதே கம்பெனிகள் கனடாவில் விற்ற கார்களில் இம்மொபிலைசர் இருந்தது. நடுவே இருப்பது ஒரு எல்லைக்கோடு. அந்தப் பக்கம் சட்டம் கேட்டது, வைத்தார்கள். இந்தப் பக்கம் கேட்கவில்லை; விட்டார்கள்.

கம்பெனிகள் தரப்பில் என்ன சொன்னார்கள்? "எங்கள் கார்கள் அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டவைதான். திருடக் கற்றுக் கொடுத்தது செல்போனில் பரவிய படங்கள்" என்றார்கள்.

அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. திருடியவன் குற்றவாளிதான். ஆனால் பக்கத்துக் கடைக்காரர் எல்லாம் வைக்கும் பூட்டை நாம் வைக்காமல் விட்டால், திருடன் யார் கடைக்கு வருவான்?

மூன்று வைத்தியங்கள்

முதல் வைத்தியம், கம்ப்யூட்டர் வழியாகச் செய்தது. சுமார் 83 லட்சம் கார்களுக்கு, கார் கம்ப்யூட்டரில் உள்ள கட்டளையை இலவசமாக மாற்றித் தருவதாக 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தார்கள். அபாய மணி அரை நிமிடத்துக்குப் பதில் ஒரு நிமிடம் அலறும். பூட்டில் சாவி இருந்தால்தான் கார் கிளம்பும்.

இது பலன் தந்தது. இப்படி மாற்றிய கார்களில் திருட்டு 100-க்கு 53 பங்கு குறைந்தது என்று அதே ஆராய்ச்சி நிலையம் கண்டது. ஆனால் ஒரு குறை. கண்ணாடியை உடைத்து உள்ளே போன பிறகுதான் திருடனுக்கு விஷயம் தெரிகிறது! கார் தப்பியது, கண்ணாடி தப்பவில்லை.

எல்லாக் கார்களுக்கும் இந்த வைத்தியம் ஒத்துக்கொள்ளவும் இல்லை. சில பழைய மாடல்களின் கம்ப்யூட்டர் இதை ஏற்கவில்லை. அவர்களுக்கு ஸ்டியரிங் சக்கரத்தில் மாட்டும் இரும்புப் பூட்டு தரப்பட்டது.

இரண்டாவது வைத்தியம், 2025 டிசம்பர் உடன்பாட்டில் வந்தது. சாவிப் பூட்டைச் சுற்றித் துத்தநாகக் கவசம் ஒன்றை இலவசமாக மாட்டித் தர வேண்டும். பூட்டை உடைப்பது கஷ்டமாகும். சுமார் 70 லட்சம் கார்களுக்கு இது கிடைக்கும். செலவு 50 கோடி டாலருக்கு மேல் போகலாம் என்று மாநில அரசாங்கத் தரப்பில் மதிப்பிட்டார்கள்.

மூன்றாவது, உண்மையான வைத்தியம். இனி அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் இம்மொபிலைசர் வைக்கக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. 2021-ம் ஆண்டு நவம்பர் முதல் தயாரித்த கார்களில் வைத்து வருவதாக ஹூண்டாய் முன்பே கூறியிருந்தது.

முதலிலேயே இதைச் செய்திருந்தால் மற்ற இரண்டுக்கும் வேலை இல்லை!

யார் தலையில் விழுந்தது?

கம்பெனிகளுக்கு நஷ்டம்தான். கார்க்காரர்கள் போட்ட வழக்கில் 2023-ம் ஆண்டு மே மாதம் சுமார் 20 கோடி டாலருக்குச் சமரசம் பேசினார்கள். சியாட்டில், கிளீவ்லாண்ட், நியூயார்க் போன்ற நகரங்களும் வழக்குத் தொடுத்தன.

ஆனால் முதல் அடி விழுந்தது சாதாரணக் குடும்பங்கள் மேல்.

மாதத் தவணை கட்டி வாங்கிய கார். அதில்தான் வேலைக்குப் போக வேண்டும். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். காலையில் பார்த்தால் கார் இல்லை. போனாலும் தவணை நிற்காது.

சில நகரங்களில் சில இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இந்த மாடல் கார்களுக்குப் புதிதாக இன்ஷூரன்ஸ் எழுத மறுத்தன. கார் திருடு போகாதவர்களுக்கும் கஷ்டம் வந்தது.

முதலில் மிச்சம் பிடிக்கப் போய், கடைசியில் பெரும் தொகை கொடுக்க நேர்ந்தது. இந்த விவகாரம் கற்றுத் தரும் பாடம் இதுதான். இன்னொரு பாடமும் உண்டு. "விற்பவர் நல்லவர், தானாகவே வைப்பார்" என்று சட்டம் சும்மா இருக்கக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

பழைய கார் வாங்குகிறீர்களா? விலை பேசுவதற்கு முன் சாவியைப் பற்றியும் நாலு கேள்வி கேளுங்கள்.

இந்தக் காரில் இம்மொபிலைசர் உண்டா? கம்பெனி கொடுத்த சாவிகள் எல்லாம் இருக்கின்றனவா? ஒன்று குறைந்தால் அது யார் கையில் இருக்கிறது?

கதவுக்கு ஒரு சாவி, என்ஜினுக்கு ஒரு சாவி என்று இரண்டு தருகிறாரா? அப்படியானால் பூட்டை எப்போதோ மாற்றியிருக்கலாம். அது குற்றம் அல்ல. பூட்டு கெட்டுப் போயிருக்கும், சாவி தொலைந்திருக்கும். ஆனால் எங்கே மாற்றினார், பில் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் நம்பரும் சாசி நம்பரும் காரில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

சாவி தொலைந்து புதுச் சாவி செய்தால், பழைய சாவியின் ரகசியத்தைக் காரின் ஞாபகத்தில் இருந்து நீக்கச் சொல்லுங்கள். நீக்கினால், பழைய சாவி யார் கையில் கிடைத்தாலும் அதைக்கொண்டு என்ஜினைக் கிளப்ப முடியாது.

பூட்டு திருடனுக்காக என்று நினைக்கிறோம். உண்மையில், திருடன் ஆகாமல் ஒரு பையனைத் தடுப்பதும் நல்ல பூட்டுதான். பபலோ நகரில் அந்தக் கார் கிளம்பாமல் இருந்திருந்தால், 4 பிள்ளைகள் அன்று வீடு திரும்பியிருப்பார்கள்.