பள்ளியை எடைபோடுவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிதம்)

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் மொழி. சோற்றுக்கு அது பொருந்தும். ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. ஆகவே ஒன்றைத் தொட்டால் மற்றவற்றின் நிலை விளங்கிவிடும். ஆனால், பல வீடுகளிலிருந்து பல நிலைகளில் வந்து சேரும் பிள்ளைகள் நிறைந்த ஒரு பள்ளியை ஒரே ஓர் எண்ணைக் கொண்டு பதம் பார்க்க முடியுமா? முடியும் என்றே இன்று நம்மில் பலரும் நம்புகிறோம். ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பொதுத்தேர்வு முடிவுகள் வந்தவுடன் பள்ளி வாயில்களில் விளம்பரத் தட்டிகள் முளைக்கின்றன. "நூறு விழுக்காடு தேர்ச்சி" என்று அவை முழங்குகின்றன. அந்த முழக்கத்தைக் கேட்டே பெற்றோர் தம் பிள்ளைகளின் ஏழாண்டுக் கால வாழ்வை முடிவு செய்கின்றனர். இது சரிதானா என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினா எனக்கு ஏட்டளவில் தோன்றியதன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சுமைதூக்கும் தொழிலாளி. சென்ற ஆண்டு தம்பி ஐந்தாம் வகுப்பை முடித்தபோது, அவனைக் கடன் வாங்கியேனும் பேருந்து வந்து ஏற்றிச் செல்லும் மெட்ரிகுலேசன் பள்ளியில் சேர்ப்பதா, நான் படித்த அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ப்பதா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. "நீதான் படிச்ச புள்ள, நீயே சொல்லு" என்று அம்மா அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். தெருவில் இன்னும் இரண்டு வீட்டாரும் என் விடைக்காகக் காத்திருந்தனர். பதில் சொல்லும் முன் எண்ணிப் பார்க்கவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது.

விழுக்காடு மறைப்பது

கணிதம் படிக்கும் நமக்கு ஒரு பின்னத்தின் மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, கீழே உள்ள எண்ணையும் பார்க்கவேண்டும் என்பது தெரியும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 'அ' என்ற பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வை 36 பேர் எழுதி 36 பேரும் தேறினர் என்று வைத்துக்கொள்வோம். 'ஆ' என்ற பள்ளியில் 160 பேர் எழுதி 144 பேர் தேறினர். முதல் பள்ளிக்கு 100 விழுக்காடு. இரண்டாம் பள்ளிக்கு 90 விழுக்காடு. எது நல்ல பள்ளி என்று கேட்டால் எல்லாரும் முதலாவதையே காட்டுவர்.

இப்போது ஓராண்டு பின்னே செல்வோம். 'அ' பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர் இருந்தனர். 'ஆ' பள்ளியில் 165 பேர் இருந்தனர் எனின் கணக்கு எப்படி மாறுகிறது? ஒன்பதில் இருந்தவரை அடிப்படையாகக் கொண்டால் முதல் பள்ளிக்கு 60 விழுக்காடு; இரண்டாம் பள்ளிக்கு ஏறத்தாழ 87 விழுக்காடு. இடையில் காணாமற்போன 24 பேர் எங்கே? "உங்கள் பிள்ளைக்கு இங்கே படிப்பு வராது" என்று சொல்லி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் அவர்களுள் இருக்கலாம். அவ்வாறு அனுப்பப்படுவோர் வந்து சேருமிடம் பெரும்பாலும் அருகிலுள்ள அரசுப் பள்ளியே. வந்தவரை ஏற்பது அரசுப் பள்ளியின் கடமை. ஒருவர் கழித்த பிள்ளையை மற்றொருவர் ஏற்றுக்கொள்ள, ஏற்றவருக்குக் குறைந்த விழுக்காடும் கழித்தவருக்கு நூறு விழுக்காடும் பரிசாகக் கிடைக்கின்றன!

இன்னொன்றும் உண்டு. 35 மதிப்பெண் பெற்றவரும் 98 மதிப்பெண் பெற்றவரும் இக்கணக்கில் ஒன்றே. தமிழகத்தில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர் பெயரை அறிவிக்கும் வழக்கம் 2017-ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. மாணவர் மீதிருந்த சுமை ஓரளவு குறைந்தது, நல்ல முடிவுதான். ஆனால் பள்ளிகளுக்கிடையே நூறு விழுக்காட்டுப் போட்டி மட்டும் ஓயவில்லை. அப்போட்டியில் அரசுப் பள்ளிகளும் இழுக்கப்படுகின்றன. 'மெல்லக் கற்போர்' என்று பெயரிடப்பட்ட பிள்ளைகள் கடைசி மாதங்களில் மெலிந்த கையேடு ஒன்றை மனப்பாடம் செய்து கரை சேர்க்கப்படுகின்றனர். கரை சேர்ந்ததில் மகிழ்ச்சியே. ஆனால் நீந்தக் கற்றார்களா?

நான் மேல்நிலை வகுப்பில் படித்தபோது இயற்பியல் ஆசிரியர் பணியிடம் பல மாதங்கள் காலியாக இருந்தது. அவ்வாண்டும் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறையவில்லை. ஒரு மதிப்பெண் வினாக்களும் பழைய வினாத்தாள்களும் எங்களைக் காப்பாற்றின. இழப்பு எங்கே தெரிந்தது தெரியுமா? இக்கல்லூரியின் முதல் பருவத்தில், துணைப் பாடமான இயற்பியல் வகுப்பில் தெரிந்தது. பேராசிரியர் "இது நீங்கள் பள்ளியிலேயே படித்ததுதான்" என்று சொல்லிக் கடந்து செல்லும்போதெல்லாம் நாங்கள் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எந்த அட்டவணையிலும் ஏறாத இழப்பு அது.

நன்செயும் புன்செயும்

ஆற்றுப் பாசனம் பெற்ற நன்செயில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை விளைந்தது என்பதையும், வானம் பார்த்த புன்செயில் எத்தனை மூட்டை விளைந்தது என்பதையும் ஒரே தராசில் வைத்து உழவனின் திறமையை எந்த விவசாயியும் அளப்பதில்லை. நிலம் எப்படி, நீர் எப்படி என்று கேட்ட பிறகே பேசுவான். பள்ளிக்கு மட்டும் நாம் ஏன் அந்த நீதியை வழங்குவதில்லை?

ஆறாம் வகுப்பில் சேரும்போது எழுத்துக்கூட்டிப் படிக்கவும் திணறிய பிள்ளை, பத்தாம் வகுப்பில் தானே கடிதம் எழுதி 55 மதிப்பெண் பெறுகிறது. வீட்டில் தனிப்பயிற்சியும் படித்த பெற்றோரும் வாய்த்த பிள்ளை, 85-இல் தொடங்கி 88-இல் முடிக்கிறது. எந்தப் பள்ளி கூடுதலாக உழைத்தது? வந்தபோது இருந்த நிலைக்கும் போகும்போது அடைந்த நிலைக்கும் உள்ள இடைவெளியே பள்ளியின் உண்மையான விளைச்சல் என்பேன். இதை அளப்பது கடினம் என்பதில் ஐயமில்லை. கடினமானதை விட்டுவிட்டு எளிதானதை அளக்கிறோம். பிறகு அளந்ததே உண்மை என்று நம்பிவிடுகிறோம்.

குடும்பத்துக்கு ஏற்ற பள்ளி

'நல்ல பள்ளி' வேறு; 'நம் குடும்பத்துக்கு ஏற்ற பள்ளி' வேறு. பல தனியார் பள்ளிகள் வீட்டில் இரண்டாவது ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணத்திலேயே நடக்கின்றன. நாட்குறிப்பில் ஆங்கிலத்தில் எழுதியனுப்புவர். பெற்றோர் படித்து, பாடம் சொல்லிக் கொடுத்துக் கையொப்பமிட வேண்டும். இருட்டிய பின் வேலையிலிருந்து திரும்பும் தாய் தந்தையர் என்ன செய்வர்? கட்டணத்தோடு தனிப்பயிற்சிக்கும் பணம் கட்டுவர். கட்டணம் தவறிய மாதத்தில் பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து நிற்கும். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு, வீட்டின் துணையை எதிர்பாராமல் பள்ளி நேரத்துக்குள்ளேயே கற்பித்து முடிக்கும் பள்ளியே ஏற்ற பள்ளி.

மற்றொன்று, இன்றைய சட்டங்களையும் திட்டங்களையும் அறிந்து கணக்கிடுவது. 2020-இல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்பிலும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வருவோர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்க ஏற்பட்டவை. இவ்வகுப்பறைகளில் அதனால் பயனடைந்தோர் பலர். இவற்றுக்கெல்லாம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதே பொதுவான அடிப்படை. ஆக, ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு ஏழாண்டு கழித்து எந்தக் கதவு திறக்கும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது. எத்தனை பெற்றோர்க்கு இது தெரியும்?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பல வீடுகளில் மகனுக்குக் கட்டணப் பள்ளி, மகளுக்கு அரசுப் பள்ளி என்பது எழுதப்படாத சட்டம். 'பெண்ணுக்கு இது போதும்' என்ற எண்ணத்தில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுப்பது அப்பள்ளிக்கும் இழுக்கு, பெண்ணுக்கும் இழுக்கு. ஏற்ற பள்ளி என்று தெரிந்து சேர்த்தால் இருவரையும் சேர்க்கலாம். ஏற்றதன்று எனின் பெண்ணை மட்டும் அங்கே அனுப்புவது என்ன நியாயம்?

கேட்கவேண்டிய கேள்விகள்

விளம்பரத் தட்டியைப் படிப்பதற்குப் பதிலாகப் பெற்றோர் நேரில் சென்று கேட்கத்தக்கவை சில:

1. சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தனர்? அவர்களுள் பொதுத்தேர்வு எழுதியவர் எத்தனை பேர்?

2. கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு நிரந்தர ஆசிரியர் உண்டா? இல்லையெனின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகவேனும் ஒருவர் அமர்த்தப்பட்டுள்ளாரா?

3. ஆய்வகம் திறக்கப்படுகிறதா? எட்டாம் வகுப்புப் பிள்ளை நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்ததுண்டா?

4. பெண்கள் கழிப்பறையில் பிற்பகல் மூன்று மணிக்கும் தண்ணீர் வருகிறதா?

5. எட்டாம் வகுப்பு மாணவர் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்கு ஆயத்தம் செய்யப்படுகின்றனரா? அதில் தேர்வு பெறும் ஏழைப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உதவித்தொகை கிடைக்கிறது.

6. மேல்நிலையில் எந்தெந்தப் பாடப்பிரிவுகள் உள்ளன? விரும்பிய பிரிவு இல்லையெனின் பெண்பிள்ளை எத்தனை கல் தொலைவு செல்லவேண்டும்?

இவற்றுக்கான விடைகளைத் தலைமையாசிரியர் அறையில் மட்டும் தேடவேண்டாம். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பத்தாம் வகுப்புப் பெண்ணைக் கேளுங்கள். சத்துணவுக் கூடத்து அம்மாவைக் கேளுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்வர்.

மறுபக்கம்

தனியார் பள்ளியை நாடும் பெற்றோரை ஏளனம் செய்வது என் நோக்கமன்று. வகுப்பில் ஆசிரியர் இருப்பார், ஆங்கிலம் வரும், ஒழுங்கு இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கின்றனர். மூன்றும் நியாயமான ஆசைகளே. ஆங்கில வழிப் பிரிவுகளை அரசுப் பள்ளிகளில் பரப்பியதால் மட்டும் அவ்வாசை நிறைவேறிவிடாது. 1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. அதற்கு முன் புகுமுக வகுப்பு என்ற பெயரில் அப்பாடங்களைக் கல்லூரிகளே நடத்தின. கல்லூரியின் சுமையைப் பள்ளியின் தோளில் ஏற்றியவர்கள், கல்லூரிக்குரிய ஆய்வகத்தையும் பாடத்துக்கோர் ஆசிரியரையும் எல்லாப் பள்ளிக்கும் தடையின்றித் தரவேண்டாமா? காலிப் பணியிடத்தை வைத்துக்கொண்டு விழுக்காட்டை மட்டும் கேட்பது, விதை கொடுக்காமல் விளைச்சல் கேட்பதாகும்.

எங்கள் வீட்டில் மேற்கண்ட கேள்விகளோடு அம்மாவும் நானும் அரசுப் பள்ளிக்குச் சென்றோம். நான்குக்கு நல்ல விடை கிடைத்தது. ஆங்கில ஆசிரியர் பணியிடம் ஒன்று காலி. ஆய்வகம் கீழ்வகுப்பாருக்குத் திறக்கப்படுவதில்லை. இவை குறைகள் என்று தெரிந்தே தம்பியைச் சேர்த்தோம். சேர்த்ததோடு அம்மா பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் செல்லத் தொடங்கியிருக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்கிறது. அந்த நாற்காலிகள் நமக்காகப் போடப்பட்டவை. காலியாக விட்டுவிட்டுக் குறை சொல்வதில் பயனில்லை.

நாம் செய்யத்தக்கது

மாணவ நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் அரசுப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். எந்தப் பள்ளியில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதற்கு நம்மைவிடச் சிறந்த சாட்சிகள் யார்? கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் தாம் படித்த பள்ளிக்குச் சென்று மேற்கண்ட ஆறு கேள்விகளுக்கும் விடை எழுதி வந்தால், இம்மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி எந்த விளம்பரத் தட்டியும் சொல்லாத செய்திகள் ஒரு குறிப்பேட்டில் திரண்டுவிடும். அதைத் தொகுத்து ஆராயும் முறையைப் பேராசிரியப் பெருமக்கள் கற்றுத் தர வேண்டுகிறேன். அக்குறிப்பேட்டின் ஒரு படியைக் கல்வி அலுவலர்க்கும், ஒரு படியை அந்தந்த ஊர்க் கிராம சபைக்கும் அளிப்போம். வரும் மே மாதம் நம் தெருவில் ஒரு தாய் "பிள்ளையை எங்கே சேர்க்கலாம்?" என்று கேட்கும்போது, அவர் கையில் கொடுக்க நம்மிடம் ஒரு தாளாவது இருக்கட்டும்.