நாய்க்கு இடும் உணவும் நமது கடமையும்

பிறர் கையை நோக்கி வாழும் உயிர்க்கு உணவிடுவோர் இருவகைக் கடன் உடையர். வயிறார இடுதல் ஒன்று. தீங்கிலாதது இடுதல் மற்றொன்று. முன்னதை யாவரும் அறிவர். பின்னதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நாயோ, இட்டது யாதென வினவாது, இட்டவர் முகத்தை நோக்கி வாலசைத்து உண்ணும் இயல்பினது. நாலடியார் நல்ல நட்பிற்கு உவமையாக எடுத்தாண்ட அவ்வுயிரின் கலத்தில், இக்காலத்து நாம் பணங்கொடுத்து வாங்கியிடும் பையுணவு எத்தகையது? அதன் நன்மை தீமைகளை அறியும் வழி யாது? அதனை ஆராயாமையால் வருங்கேடு நாயளவில் நிற்குமா? இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு நம் பகுதி மிகவும் உரியது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட குன்றினையுடையது நம் திருவண்ணாமலை. வடக்கேயுள்ள அருணை வேறு, இது வேறு. இங்கிருந்து மலையடிவாரத்தை ஒட்டித் தென்மேற்கே சென்றால் இராசபாளையம். அவ்வூர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட வெண்ணிற நாய், நெடிய கால்களும் ஒடுங்கிய வயிறும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தலை வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்று இராசபாளையம். சிப்பிப்பாறை, கன்னி என்னும் இனங்களும் தென்பாண்டி நாட்டிற்கே உரியன. இவற்றைப் பெருமையாகப் பேசும் நாம், இவை உண்பதனைப் பற்றிப் பேசுவது அரிது.

முன்னாளில் இந்நாய்கள் வீட்டார் உண்ட கூழையும் சோற்றையும் மோரையுமே உண்டன. ஆதலின் நாயின் உணவைத் தனியே ஆராய வேண்டிய தேவை எழவில்லை. தானியம் கெட்டிருந்தால் அடுப்படியில் நின்றவளே முதலில் அறிந்துகொண்டாள். இன்றோ, தொலைவிலுள்ள ஆலையில் அரைத்து, வேகவைத்து, அச்சில் அழுத்தி, உலர்த்தி, மேலே கொழுப்பும் சுவையும் பூசிய உருண்டைகள் வண்ணப் பைகளில் அடைபட்டு நம் கடைத்தெருவிற்கு வருகின்றன. ஆக்கியவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், உண்பது ஒன்று என்றாயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பண்டத்தின் பொருள்கள் பாலும் சருக்கரையும் என்னும் இரண்டே. மாவு கலந்திருந்தால், நாவில் வைத்த அளவிலே நம்மூர்ச் சிறுவனும் சொல்லிவிடுவான். பொருள்கள் சிலவாதலும், உண்பவன் வாய்திறந்து குறைகூற வல்லனாதலும் அதற்குக் காவல். நாயுணவிலோ பொருள்கள் பல; உண்பதற்கு வாயுண்டு, மொழியில்லை. ஆகவே அங்கே நாவு செய்யும் வேலையை இங்கே கண் செய்தல் வேண்டும். பையின் முன்புறத்துப் படத்தை விடுத்துப் பின்புறத்து எழுத்தைப் படித்தல் வேண்டும்.

படிக்குமிடத்து முதலில் நோக்கற்பாலது பொருள்களின் வரிசை. எடை மிகுந்தது முன்னும் குறைந்தது பின்னுமாக எழுதுதல் பல நாடுகளில் வழங்கும் முறை. ஆயின் அவ்வெடை, ஆலையில் சேர்க்கும்போது உள்ள எடை. பச்சைக் கோழியிறைச்சியில் நூற்றுக்கு எழுபது பங்கு அளவில் நீரே. ஆதலின் வரிசையில் முதலில் நிற்கும் கோழி, நீர் வற்றியபின் மூன்றாம் நான்காம் இடத்திற்கு இறங்குதல் கூடும். மேலும், ஒரே தானியத்தை மக்காச்சோளம், மக்காச்சோள மாவு, மக்காச்சோளப் புரதம் என மூன்றாகப் பிரித்தெழுதினால், அஃது ஒவ்வொன்றும் சிறிதாகிப் பின்னே செல்ல, இறைச்சி முன்னே நிற்பதுபோலத் தோன்றும்.

இரண்டாவது, பெயரின் தெளிவு. 'கோழியிறைச்சித் தூள்' என்பது இன்ன உயிரினது எனக் கூறுகின்றது. 'இறைச்சியும் அதன் துணைப்பொருள்களும்' என்பது எவ்வுயிரினது எனக் கூறுவதில்லை. ஈரல், மண்ணீரல் முதலிய உறுப்புகள் தம்மளவில் இழிந்தன அல்ல. அவை நாய்க்கு நல்லுணவே. குற்றம் உறுப்பில் இல்லை. பெயரை மறைத்தலில் உள்ளது. பையின் பெயரிலும் இவ்வாறே நுட்பம் உண்டு. அமெரிக்க நாட்டு முறைப்படி, 'கோழியுடன்' என்று எழுத நூற்றுக்கு மூன்று பங்கு கோழி போதும். 'கோழிச் சுவை' என்று எழுதவோ, சுவை புலப்படும் அளவே போதும்.

மூன்றாவது, அது முழுவுணவா, இடையிடையே கொடுக்கும் தின்பண்டமா, எப்பருவத்து நாய்க்கு உரியது என்பது. வளரும் குட்டிக்கு வேண்டுவது வேறு, வளர்ந்த நாய்க்கு வேண்டுவது வேறு. இராசபாளையம் போன்று நெடிதாக வளரும் இனத்துக் குட்டிகளுக்கு, முழுவுணவின்மேல் சுண்ணாம்புச் சத்துத் தூளையும் கூட்டியிடுவோர் உளர். மிகுதியான சுண்ணாம்பு எலும்பை வலுப்படுத்துவதற்கு மாறாகக் கோணச் செய்தலும் கூடும் என்பதை அன்னார் அறிதல் நலம்.

இனி எண்களைக் காண்போம். உலர்ந்த உருண்டையில் புரதம் 22 விழுக்காடு எனவும், டப்பாவில் அடைத்த ஈரவுணவில் 8 விழுக்காடு எனவும் எழுதியிருப்பின், முன்னதே சிறந்தது என மயங்குவோம். முன்னதில் ஈரம் 10 விழுக்காடு, பின்னதில் 80 விழுக்காடு எனக் கொள்க. நீரை நீக்கிக் கணக்கிட்டால் முன்னதன் புரதம் 24 விழுக்காட்டிற்குச் சற்று மேல். பின்னதன் புரதம் 40 விழுக்காடு. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம், நீர் நீக்கிய உணவில் வளர்ந்த நாய்க்கு 18 விழுக்காடும் குட்டிக்கு 22.5 விழுக்காடும் புரதம் குறையாதிருத்தல் வேண்டும் என வகுத்துள்ளது. இவ்வெளிய வகுத்தல் கணக்கை எவரும் செய்யலாம்.

ஆயினும் அப்புரத எண்தானும் முழுதும் நம்பத்தக்கதன்று. என்னை? வேதியியல் பயிலும் நம் தோழர்கள் அறிவர்: வழக்கமான சோதனையில் புரதத்தை நேரே அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து, அதனை 6.25-ஆற் பெருக்கிப் புரதம் எனக் கொள்கின்றனர். நைட்ரஜன் மிகுந்த வேறொரு பொருளைக் கலந்தால் கணக்கில் புரதம் ஏறும், கலத்தில் ஏறாது. 2007-இல் இவ்வஞ்சகமே நிகழ்ந்தது. சீனத்திலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்னும் பொருள் கலந்திருந்தது. அது சயனூரிக் அமிலத்தோடு கூடிச் சிறுநீரகத்தில் படிகமாக உறைய, வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் மாண்டன. ஆறு கோடிக்கு மேற்பட்ட டப்பாக்களும் பைகளும் திரும்பப் பெறப்பட்டன.

வஞ்சகத்தினும் நம் நாட்டில் அஞ்சத்தக்கது பூசணம். 1960-இல் இங்கிலாந்தில் இலக்கத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, அவை தின்ற பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் பூசணம் விளைத்த நஞ்சு அறியப்பட்டது. அதுவே அப்ளாடாக்சின். கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஈரமும் வெப்பமும் சேர்ந்துழி அது தோன்றும், வேகவைத்தலால் முற்றும் அழியாது, ஈரலைக் கெடுக்கும். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் நாயுணவில் இந்நஞ்சு மிகுந்திருந்தமையால் 110-க்கு மேற்பட்ட நாய்கள் இறந்தன என அந்நாட்டு அரசினர் அறிவித்தனர்.

ஆலையிற் கெடாதது நம் வீட்டிற் கெடுதலும் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் வாய்திறந்து கிடக்கும் பை பூசணத்திற்குப் பாத்தி கட்டியது போலாகும். பெரிய மூட்டையைப் பிரித்து, கிலோக் கணக்கில் வெறும் பாலித்தீன் பையில் நிறுத்து விற்கும் வழக்கம் சில கடைகளில் உண்டு. விலை சிறிது குறையலாம். ஆனால் நாள் இல்லை, தொகுதி எண் இல்லை, ஆக்கியோர் பெயரும் இல்லை. பெயரற்ற உணவிற்குப் பொறுப்பாளரும் இலர். ஆகவே ஒரு திங்களுக்குள் தீரும் அளவில் சிறிய பையாக வாங்குக. உணவை அதன் பையோடே மூடியுள்ள பாத்திரத்தில் வைக்க. தீரும்வரை பையை எறியற்க. வழக்கமாக உண்ணும் நாய் திடீரென உணவை வெறுத்தாலும், வாந்தியெடுத்துச் சோர்ந்தாலும், கண்ணும் ஈறும் மஞ்சளித்தாலும், அவ்வுணவை உடனே நிறுத்திப் பையோடும் மருத்துவரை அடைக. கொழுப்புச் சிக்கடித்த வாடை வீசும் உணவு எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் இடத்தக்கதன்று.

'இத்துணைத் தொல்லை எதற்கு? பையுணவை ஒழித்துப் பழைய சோற்றையே இடுவோம்' என்பர் சிலர். அவர் கூற்றில் ஒருபாதி உண்மை உண்டு. தானியம் நாய்க்கு ஆகாது என்பது பிழை. ஓநாயினும் நாய்க்கு மாவுப்பொருளைச் செரிக்கும் மரபணுப்படிகள் மிகுதி என்று 2013-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. நம் முன்னோர் இட்ட கூழ் வீண் போகவில்லை. ஆயின் வெறுஞ்சோறும் மோரும் குட்டியின் வளர்ச்சிக்குப் போதா. முட்டை, இறைச்சி, பருப்பு முதலியன அளவறிந்து சேர்தல் வேண்டும். வெங்காயமும் திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு என்பதை வீட்டுச் சமையலார் பலர் அறியார். எனவே பை என்பதனாலேயே தீதும் அன்று. வீடு என்பதனாலேயே நன்றும் அன்று. இரண்டிடத்தும் ஆராய்ச்சியே காவல்.

நிற்க, தனிமனிதன் கண்ணும் மூக்கும் எவ்வளவு கூரியவாயினும் மெலமைனையும் அப்ளாடாக்சினையும் காணமாட்டா. அவற்றைக் காண்பது ஆய்வுக்கூடத்தின் வேலை. ஆய்வுக்கூடத்தை ஏவுவது சட்டத்தின் வேலை. நம் நாட்டுச் சட்டம் யாது செய்கின்றது? 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவு என்னும் சொற்கு இலக்கணம் கூறுமிடத்தே விலங்குத் தீவனத்தை விலக்கிவிட்டது. இந்தியத் தர அமைவனம் நாய் பூனை உணவிற்கென ஐ.எஸ். 11968 என்னும் தரத்தை வகுத்துள்ளது. ஆயின் அதனைக் கைக்கொள்ளுதல் ஆக்குவோர் விருப்பத்தின்பாற்பட்டது. 2011-ஆம் ஆண்டின் எடையளவைப் பொதி விதிகளோ, நிகர எடை, விலை, ஆக்கிய திங்கள், ஆக்கியோர் முகவரி ஆகியவற்றைப் பைமேல் எழுதக் கட்டளையிடுகின்றன. எடை குறைந்தால் வழக்குண்டு. உள்ளிருப்பது நஞ்சோ நல்லதோ என முன்கூட்டிச் சோதிக்கக் கட்டாயம் இல்லை. தராசிற்கு உள்ள காவல் தட்டில் உள்ள பொருளுக்கு இல்லாமை முறையோ?

அவ்விதிகளில் தமிழ் பயிலும் நம் உள்ளத்தை உறுத்துவது பிறிதொன்று. பைமேல் எழுத வேண்டியவற்றை இந்தியிலேனும் ஆங்கிலத்திலேனும் எழுதினாற் போதும் என்கின்றன அவை. தமிழ் கூடுதலாக இருக்கலாம். இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. மாந்தோப்பில் காவலிருப்பவரும், ஆட்டுக்கிடை காப்பவரும் தம் நாய்க்கு வாங்கும் பையைப் படிக்க இயலாதாயின், அதில் எத்துணை உண்மை எழுதியிருந்தும் யாது பயன்? படிக்க இயலாத உண்மை மறைத்த உண்மையோடு ஒக்கும்.

'மக்கட் குழவிகள் நல்லுணவின்றி வாடும் நாட்டில் நாயுணவைப் பற்றிக் கவலையா?' என்று வினவுவாரும் உளர். வினா நேர்மையுடையதே, விடையை வரலாறே கூறுகின்றது. 1974-இல் குசராத்து, இராசத்தான் மாநிலங்களின் எல்லைப்புறத்துச் சிற்றூர்களில், பருவந்தவறிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்களுக்கு மஞ்சள் நோயும் வயிற்று வீக்கமும் உண்டாயின. 397 பேர் நோயுற்றனர். 106 பேர் இறந்தனர். அவ்வீடுகளின் நாய்களும் அந்நோயினாலேயே மாண்டன. நாயின் கலமும் மனிதன் கலமும் ஒரே குதிரிலிருந்து நிரம்பின. பின்னர் 2007-இல் நாயுணவிற் கண்ட மெலமைன் மறு ஆண்டிலே சீனத்தில் குழந்தைகளின் பாற்பொடியிற் காணப்பட்டது. ஏறக்குறைய மூன்று இலக்கம் குழந்தைகள் துன்புற்றனர். ஆறு குழந்தைகள் உயிர்நீத்தனர். நாய்கள் மாண்டபோதே அவ்வஞ்சகத்தின் வேரைத் தேடி அறுத்திருந்தால் அக்குழந்தைகளுள் எத்தனை பேர் பிழைத்திருப்பர்! இரவில் குரைத்து நம்மை எழுப்பும் நாய், தன் நோயாலும் நம்மை எழுப்புகின்றது. உறங்குவது நம் குற்றம்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. நாய் முதலிய வளர்ப்புயிர்களின் பையுணவிற்குத் தர அமைவனத்தின் தரம் கட்டாயமாக்கப்படுக. பூசண நஞ்சிற்குத் தொகுதிதோறும் சோதனை நடைபெறுக. பொருள்களின் பெயரும் நாளும் தமிழிலும் பொறிக்கப்படுக. அவை நிறைவேறும் வரை மாணவராகிய நாம் வாளாவிருத்தல் வேண்டா. விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தம் தெருவில் நாய் வளர்ப்போர்க்குப் பையின் பின்புறத்தைத் தமிழிற் படித்துச் சொல்லலாம். திறந்த மூட்டையிலிருந்து நிறுத்து வாங்காதீர் என அறிவுறுத்தலாம். கல்வியின் பயன் எழுத்தறியார்க்குக் கண்ணாதல். வாயில்லாதவற்றிற்கு வாயாதலும் அதன் பயனே ஆதலின், அதனையும் நாம் மேற்கொள்வோமாக.