பெட்டி ரெடி, பையன் ரெடியா?

ஜூன் மாசம் எங்க ஊர்ல ரெண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். சாரல் விழ ஆரம்பிச்சதும் குற்றாலத்துக்குக் குளிக்க வர்ற கூட்டம் ஒண்ணு. அதை நீங்க ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. இன்னொரு கூட்டம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்கு நிக்கும். டிரங்க் பெட்டி, பக்கெட், பாய். நடுவுல பத்து வயசுப் பிள்ளை ஒண்ணு. ஹாஸ்டல் ஸ்கூலுக்குப் போற பிள்ளை.

இந்த வருஷம் அந்தக் கூட்டத்தில் என் சித்தி மகனும் இருந்தான். "நீ ஆறாவதுலயே ஹாஸ்டலுக்குப் போனவன்தானே, அவனுக்கு நாலு வார்த்தை சொல்லுப்பா"ன்னு சித்தி மே மாசம் கூப்பிட்டாங்க. உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரும். அதனாலதான் இதை எழுதுறேன்.

அஞ்சாவது முழுக்க அவன் சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் போனான். ஆறாம் வகுப்புக்கான அந்தத் தேர்வு 300 மார்க். கணக்குக்கு மட்டும் 150. இடம் கிடைச்சது வேற ஒரு பள்ளியில். பரீட்சைக்கு ஒரு வருஷம் தயார் பண்ணின வீட்டில், வீட்டை விட்டு இருக்கிறதுக்கு ஒரு வாரம்கூடத் தயார் பண்ணலை. சித்தி கையில் இருந்தது சாமான் லிஸ்ட் மட்டும்தான்.

துணி துவைக்க, தலைக்கு எண்ணெய் வைக்க, பெட்டிச் சாவியைப் பத்திரமா வைக்கப் பழக்குறது அவசியம். ஆனா என் அனுபவத்தில் அதெல்லாம் ரெண்டாவது. ஞாயிற்றுக்கிழமை அஞ்சு நிமிஷம் போன் தருவாங்க. பக்கத்தில் வார்டன், பின்னாடி வரிசை. அம்மா "சாப்பிட்டியா, நல்லா இருக்கியா?"ன்னு கேப்பாங்க. "நல்லா இருக்கேன்மா." ஒரு சீனியர் மூணு மாசம் என்னை அடிச்சிட்டிருந்தப்பவும் அதையேதான் சொன்னேன். பொய் சொல்லணும்னு இல்லை. வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை.

பிள்ளையைத் தயார் பண்றதுன்னா முதல்ல இதைச் சொல்லித் தரணும்: சரியில்லைன்னா அதைச் சொல்ல வழி.

"கஷ்டப்பட்டாத்தான் உருப்படுவான், ரொம்பக் கேட்டா அழுவான்"னு பெரியவங்க சொல்வாங்க. அழட்டும். 2007-ல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் கிறிஸ்டோபர் தர்பர், எட்வர்ட் வால்டன் ரெண்டு பேரும் வீட்டு ஏக்கம் பத்தி எழுதினாங்க. ஏக்கம் வர்றது இயல்புன்னு முன்னாடியே பிள்ளைகிட்ட சொல்லணும், சின்னச் சின்னப் பிரிவுகளுக்குப் பழக்கணும்னு அதில் இருக்கு. "பிடிக்கலைன்னா உடனே வந்து கூட்டிட்டுப் போறேன்"னு வாக்குக் கொடுக்கக் கூடாதுன்னும் சொல்றாங்க. அப்படிச் சொன்னா, பிள்ளை அங்க ஒட்டவே ஒட்டாது.

ஆனா ஏக்கம் வேற, ஆபத்து வேற. அழுகை ஏக்கம், அது பெரும்பாலும் கொஞ்ச நாள்ல குறையும். யாராவது அடிச்சாலோ, தொடக் கூடாத இடத்தில் தொட்டாலோ அது ஆபத்து. அப்போ வீட்டிலிருந்து ஆள் உடனே போய் நிக்கணும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்கும் சொல்லணும், பெத்தவங்களுக்கும் சொல்லணும். 1098-ங்கிற குழந்தைகள் உதவி எண்ணை வீட்டு நம்பர் மாதிரி மனப்பாடம் பண்ண வைக்கணும்.

நாங்க என்ன செஞ்சோம்னா, மே மாசம் அவனைக் கடையநல்லூர் ஆச்சி வீட்டில் அஞ்சு நாள் தனியா விட்டோம். போன் ஞாயிற்றுக்கிழமை மட்டும். ரெண்டாம் நாள் ராத்திரி அழுதானாம். மூணாம் நாள் தெருப் பசங்களோட கிரிக்கெட். அப்புறம் ஒரு ரகசிய வாக்கியம் வச்சோம். வார்டன் பக்கத்தில் இருந்தாலும் சொல்ற மாதிரி: "ஐந்தருவியில தண்ணி விழுதா?" அதைக் கேட்டான்னா மறுநாளே ஒருத்தர் நேர்ல போவோம். சித்தியும் கேள்வியை மாத்திக்கிட்டாங்க. "நல்லா இருக்கியா?"ன்னு கேக்கிறதில்லை. "இந்த வாரம் எது மோசம்?"

உங்க வீட்டில் இப்படி ஒரு தம்பியோ தங்கச்சியோ கிளம்பினா, பெட்டி வாங்கப் போறவங்க போகட்டும். நீங்க பிள்ளை பக்கத்தில் உக்காருங்க. ஹாஸ்டல்னா என்னன்னு வீட்டுப் பெரியவங்களை விட நமக்குத்தான் தெரியும். உங்க நம்பரையும் அதுக்கு மனப்பாடம் பண்ண வைங்க.

முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வந்துச்சு. எது மோசம்னு சித்தி கேட்டாங்க. "சாம்பார்"னான். அப்புறம் கொஞ்சம் அழுதான். அருவியைப் பத்தி எதுவும் கேக்கலை.