தொடக்கக் கல்லூரியில் உயிரியல்: மனப்பாடம் செய்தால் போதுமா?

"பயோவா? அது வெறும் மனப்பாடம்தானே!"

தொடக்கக் கல்லூரியில் சேர்ந்து பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நாள்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சீனியர்கள் சொல்லுவாங்க, சித்தப்பா சொல்லுவார், காப்பிக்கடையில் பக்கத்து மேசைக்காரர்கூடச் சொல்லுவார்.

இதை நம்பிச் சிலர் உயிரியலை எடுக்கிறார்கள். இதே பேச்சைக் கேட்டுப் பயந்து சிலர் விட்டுவிடுகிறார்கள். பாடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எடுத்த முடிவு என்பதுதான் இரண்டிலும் உள்ள சிக்கல். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான புள்ளிக் கணக்கு மாறியிருப்பதால், அப்படி முடிவெடுப்பதன் பாதிப்பு முன்பைவிட இப்போது அதிகம்.

புள்ளிக் கணக்கு எப்படி மாறியது?

முன்பு ஒரு மாணவர் பெறக்கூடிய ஆக அதிகப் புள்ளி 90. மூன்று எச்2 பாடங்களுக்குத் தலா 20, ஓர் எச்1 பாடத்துக்கு 10, ஜெனரல் பேப்பருக்கு 10, புராஜெக்ட் வொர்க்குக்கு 10.

2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அது 70ஆகக் குறைந்துள்ளது. மூன்று எச்2 பாடங்கள், ஜெனரல் பேப்பர், அவ்வளவுதான். புராஜெக்ட் வொர்க்கில் தேர்ச்சி பெற்றால் போதும். நான்காவது பாடமும் தாய்மொழியும் உங்கள் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே கணக்கில் சேரும்.

சுமை குறைந்திருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. முன்பு ஓர் எச்2 பாடம் 90 புள்ளியில் 20, அதாவது சுமார் 22 விழுக்காடு. இப்போது 70 புள்ளியில் 20, சுமார் 29 விழுக்காடு. எச்2 பாடம் ஒன்றில் சறுக்கினால் அதை ஈடுகட்ட மற்ற பாடங்களில் கிடைக்கும் இடம் குறைந்துவிட்டது. அதனால்தான் "சீனியர் சொன்னாங்க" என்பதை மட்டும் நம்பி எச்2 பாடத்தை எடுப்பது சரியில்லை.

அப்போ, என்னதான் படிக்கப் போகிறீர்கள்?

எச்2 உயிரியலில் நான்கு மையக் கருத்துகள் உள்ளன:

- உயிரணுவும் உயிர் மூலக்கூறுகளும்
- மரபியலும் பாரம்பரியமும்
- ஆற்றலும் சமநிலையும்
- உயிரினங்களின் பரிணாமம்

அவற்றோடு இரண்டு கூடுதல் தலைப்புகள்: தொற்றுநோய்கள், விலங்குகள் மீதும் தாவரங்கள் மீதும் பருவநிலை மாற்றத்தின் தாக்கம்.

உயர்நிலைப் பள்ளியில் இதயம், சிறுநீரகம், செரிமானம் என்று உறுப்பு உறுப்பாகப் படித்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் குழப்பமாகத்தான் இருக்கும். இங்கே பாடம் உயிரணுவுக்கு உள்ளே இறங்கிவிடுகிறது. புரதம், கொழுப்பு, டிஎன்ஏ, சவ்வு என்று கண்ணுக்குத் தெரியாத உலகத்தில்தான் பெரும்பகுதி நேரம் போகும்.

ஒரு கொசுவை வைத்துப் பார்ப்போம்

தோ பாயோ என்ற பெயருக்குப் "பெரிய சதுப்பு நிலம்" என்று பொருள். 'தோ' என்றால் ஹொக்கியன் பேச்சில் பெரியது. 'பாயோ' என்பது 'பாயா' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. 1960களில் அங்கே வீவக புளோக்குகள் எழுந்தன. சதுப்பு நிலம் போச்சு, கொசு போகவில்லை. ஏடிஸ் கொசுவுக்குச் சதுப்பு நிலமே வேண்டாம். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீர் போதும்.

2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி வந்தது. எச்2 உயிரியலில் ஏடிஸ் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியும் டெங்கியும் பாடமாகவே இருக்கின்றன. அந்த ஒரு கொசுவைப் பின்தொடர்ந்தால் பாடத்திட்டம் முழுவதையும் சுற்றி வந்துவிடலாம்:

- உயிரணு: டெங்கி வைரஸ் நம் உயிரணுவின் சவ்வைத் தாண்டி எப்படி உள்ளே நுழைகிறது?
- மரபியல்: வைரஸிடம் இருப்பது ஆர்என்ஏ. சொந்தமாக ரைபோசோம் கிடையாது. நம் உயிரணுவின் ரைபோசோமை வைத்துத் தன் புரதங்களை எப்படித் தயாரிக்கிறது?
- ஆற்றல்: கொசு பறப்பதற்கான ஆற்றல் பெரும்பாலும் தாவரச் சர்க்கரையிலிருந்து கிடைக்கிறது. பெண் கொசு நம் ரத்தத்தைக் குடிப்பது முட்டைக்குத் தேவையான புரதத்துக்காக. இரண்டும் உடலுக்குள் போன பிறகு என்ன ஆகின்றன?
- பரிணாமம்: ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சில ஆண்டுகளில் அது ஏன் வேலை செய்யாமல் போகிறது?
- தொற்றுநோய்: டெங்கி வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்து குணமானவருக்கு, பின்னர் வேறொரு வகை வந்தால் நோய் ஏன் கடுமையாகலாம்?
- பருவநிலை: வெப்பம் கூடினால் கொசு வேகமாக வளர்கிறது, அதன் உடலில் வைரஸும் வேகமாகப் பெருகுகிறது. அப்படியானால் இதுவரை டெங்கி இல்லாத குளிர்ப் பகுதிகளில் என்ன நடக்கும்?

ஆறு கேள்விகள், ஆறு வெவ்வேறு அத்தியாயங்கள். ஆனால் கதை ஒன்றுதான். இந்தத் தொடர்பைப் பிடிக்கிறவர்களுக்குப் பாடம் சுருங்கிவிடும். ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறவர்களுக்கு அது மலையாகத் தெரியும்.

மனப்பாடம் எங்கே கைவிடும்?

மனப்பாடமே தேவையில்லை என்று சொன்னால் அது பொய். கலைச்சொற்கள் நிறைய இருக்கின்றன; அவற்றைத் துல்லியமாக எழுத வேண்டும். என்சைம் சூட்டில் "செத்துவிட்டது" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. உயிரே இல்லாத ஒன்று எப்படிச் சாகும்?

சாதாரண நிலையில் "என்சைமின் வடிவம் மாறிவிடும், அதனால் வேலை செய்யாது" என்பது நல்ல பதில். தொடக்கக் கல்லூரியில் அது பாதிப் பதில்தான். சூட்டில் எந்தப் பிணைப்புகள் உடைகின்றன, அதனால் புரதத்தின் மடிப்பு எப்படிக் குலைகிறது, வினை நடக்கும் இடத்தில் மூலக்கூறு ஏன் பொருந்தாமல் போகிறது என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வகைக் கேள்வி, நீங்கள் பார்த்திராத ஒரு சூழலைக் கொடுத்து "ஏன்?" என்று கேட்கும். அதற்கும் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2016 அக்டோபரில் தேசியச் சுற்றுப்புற அமைப்பு வொல்பாக்கியா கொசுக்களை விட்டுச் சோதித்த இடங்களில் ஒன்று, தோ பாயோவுக்கு அருகே இருக்கும் பிராடல் ஹைட்ஸ். வொல்பாக்கியா என்பது ஒரு பாக்டீரியா. அது உள்ள ஆண் கொசு, அது இல்லாத பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டைகள் பொரிக்காது. கொசுக்களின் எண்ணிக்கை மெல்லக் குறையும்.

கேள்வி இதுதான்: ஏன் ஆண் கொசுக்களை மட்டும் விட வேண்டும்?

"ஆண் கொசு கடிக்காது" என்று உடனே சொல்லுவீங்க. சரிதான், ஆனால் அது மட்டும் காரணமில்லை. வொல்பாக்கியா உள்ள பெண் கொசுக்களும் தவறிப் போய்க் கலந்துவிட்டால், அவை வொல்பாக்கியா உள்ள ஆண் கொசுக்களோடு சேர்ந்து இடும் முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகளுக்கும் அந்தப் பாக்டீரியா போய்விடும். பிறகு எத்தனை ஆண் கொசுக்களை விட்டாலும் பலன் குறைந்துகொண்டே வரும்.

இந்த இரண்டாவது பதில் எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கொடுத்த தகவலை வைத்தே அதைக் கண்டுபிடிக்க முடியும். எச்2 உயிரியல் எதிர்பார்க்கும் சிந்தனை இது.

தேர்வு எப்படி இருக்கும்?

நான்கு தாள்கள். பலவுள் தெரிவுக் கேள்விகளுக்கு 15 விழுக்காடு, குறுவிடைக் கேள்விகளுக்கு 30 விழுக்காடு, நீண்ட விடைகளும் கட்டுரைக் கேள்விகளும் கொண்ட தாளுக்கு 35 விழுக்காடு, செய்முறைத் தேர்வுக்கு 20 விழுக்காடு.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஆக அதிக எடை நீண்ட விடைகளுக்குத்தான். தெளிவாக, வரிசையாக எழுதத் தெரியாதவர்கள் அங்கே புள்ளிகளை இழக்கிறார்கள். செய்முறைக்கு 20 விழுக்காடு என்பதும் சின்ன விஷயம் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்து வரைவது, சோதனையைத் திட்டமிடுவது, கிடைத்த எண்களில் பிழை எங்கே என்று சொல்வது எல்லாம் கைப்பழக்கத்தில் வருபவை. கடைசி வாரத்தில் உட்கார்ந்து படித்தால் வராது.

மருத்துவராக உயிரியல் கட்டாயமா?

பல வீடுகளில் உயிரியலை எடுக்கச் சொல்லும் முதல் காரணம் இதுதான். ஆனால் உள்ளூர் மருத்துவப் பள்ளிகள் நீண்டகாலமாகக் கேட்டு வந்தது எச்2 வேதியியலோடு, உயிரியல் அல்லது இயற்பியல். இரண்டில் ஒன்று. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி, ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களைத்தான் சேர்க்கிறது. நிபந்தனைகள் மாறக்கூடியவை, நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரியதைப் பல்கலைக்கழக இணையத்தளத்தில் பாருங்கள்.

உயிரியலை விட்டுவிட்டால் கதவு மூடிவிடும் என்ற பயமும் வேண்டாம். தொடக்கக் கல்லூரியில் அதைப் படிக்காதவர்களுக்காகச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் அடிப்படை உயிரியல் பாடம் உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் பயோமெடிக்கல் சயன்ஸ் போன்ற பட்டயப் படிப்புகள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் கை வைத்து வேலை செய்வதில் ஆர்வமுள்ளவர்களுக்கு அதுவும் நல்ல வழி.

தமிழில் சொல்லிப் பாருங்கள்

வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான். ஆனால் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது.

சிங்கப்பூரில் நீரிழிவு உள்ளோரின் விகிதம் சீனர்களைவிட இந்தியர்களிடம் அதிகம். பாட்டிக்கோ மாமாவுக்கோ சர்க்கரை வியாதி இல்லாத வீடு குறைவு. இன்சுலின் உயிரணுவுக்கு எப்படிச் சேதி சொல்கிறது என்பது எச்2 பாடத்தில் முக்கியமான பகுதி. அதைப் பாட்டிக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள்.

"இன்சுலின் உள்ளே போகாது பாட்டி, வெளியே இருந்தே தட்டும். தட்டின சத்தம் கேட்டதும் செல் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கும். உங்களுக்குத் தட்டுற சத்தம் செல்லுக்குச் சரியா கேக்கல."

இப்படிச் சொல்ல முடிந்தால் உங்களுக்குப் பாடம் புரிந்துவிட்டது. ஆங்கிலக் கலைச்சொற்களை மட்டும் அடுக்க முடிகிறது, வீட்டுப் பேச்சில் சொல்ல வரவில்லை என்றால், அந்தப் பகுதியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

எடுப்பதற்கு முன்…

- சாதாரண நிலையில் உயிரியல் படிக்கவில்லையா? சேர்க்கும் நிபந்தனை கல்லூரிக்குக் கல்லூரி மாறலாம். முதலிலேயே கேளுங்கள்.
- வேதியியல் பிடிக்குமா? பிணைப்பு, மூலக்கூறு எல்லாம் இங்கேயும் வரும். வேதியியல் சுத்தமாக ஆகாது என்றால் யோசியுங்கள்.
- பாடத்திட்டத்தைச் சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒரு தலைப்பை எடுத்து, தோ பாயோ நூலகமோ உங்கள் வட்டார நூலகமோ, அங்கே போய் அதைப் பற்றி அரைமணி நேரம் வாசித்துப் பாருங்கள்.

அந்த அரைமணி நேரத்தில் "இது எப்படி நடக்குது?" என்று ஒரு கேள்வியாவது உங்களுக்குத் தோன்றினால், உயிரியல் உங்களுக்கு ஒத்துவரும். பக்கங்களை எண்ணிக்கொண்டே இருந்தால், வேறு பாடத்தை யோசிப்பதில் தப்பே இல்லை.