முல்லைப் பெரியாற்றுக் கணக்கு

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களுக்கு உயிராய் இருப்பது முல்லைப் பெரியாற்று நீர். அந்நீரைத் தேக்குதற்குரிய நிலத்தைத் திருவிதாங்கூர் அரசு 1886ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள் ஆங்கிலேய அரசுக்குக் குத்தகையாக அளித்தது. நிலம் 8,000 ஏக்கர்; வாடகை ஏக்கருக்கு ஆண்டுதோறும் 5 ரூபாய்; காலம் 999 ஆண்டுகள். இக்காலத்தைக் கேட்டு வியப்போர் உளர், வெகுள்வோரும் உளர். ஏடும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போரோ மிகச் சிலர். இது பெருங்குறையே.

ஓராண்டு வாடகை 40,000 ரூபாய். அதனை ஆயிரத்தாற் பெருக்கி, ஒரு நாற்பதாயிரத்தைக் கழித்தால் 999 ஆண்டுத் தொகை கிடைக்கும். அது 3,99,60,000 ரூபாய்.

இப்பேரெண்ணுக்கு ஓர் இயல்பு உண்டு. இலட்சம், கோடி எனப் பிரித்து எழுதுங்கால் அது மறைந்து நிற்கும். வலப்புறமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்தால் 39, 960, 000 என்னும் கூறுகள் வரும். அவற்றைக் கூட்டினால் 999! இது தற்செயலாய் நேர்ந்ததன்று. ஆயிரத்தை 999ஆல் வகுத்தால் மீதி ஒன்று. பத்து இலட்சத்தை வகுத்தாலும் மீதி ஒன்றே. ஆதலின் 999இன் மடங்கு எதுவாயினும், அதன் மூவிலக்கக் கூறுகளின் கூட்டுத்தொகையும் 999இன் மடங்காகவே இருக்கும். 999 என்பது 27ஐ 37ஆற் பெருக்கிய தொகை. ஆகவே 37ஆல் வகுபடும் எண்ணை அறிவதற்கும் இவ்வழியே போதும்.

கணிப்பொறி இருக்க இச்சோதனை எதற்கு என்பர் சிலர். பொறி, தன்னிடம் தந்த எண்ணைத்தான் கணக்கிடும். விடையைப் படியெடுக்கும் கை தவறினால் அஃது என் செய்யும்? ஒருவர் 3,99,06,000 என்று எழுதிவிட்டார் என்க. 39உடன் 906ஐக் கூட்டினால் 945; பிழை உடனே வெளிப்படும். ஆயினும் இச்சோதனைக்கும் எல்லை உண்டு. கூறுகளே இடம் மாறி 96,00,39,000 என வந்தால் கூட்டுத்தொகை மாறாது, சோதனையும் ஏமாந்துபோம். பிழையைக் காட்டவல்லதேயன்றி மெய்க்குச் சான்று தரவல்லதன்று அது.

பெருக்கல் சரியாக இருந்தும் 3,99,60,000 ரூபாய் என்பது ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. வாடகை 999 ஆண்டும் மாறாது என்று கொண்டதே காரணம். கணக்கில் எங்குத் தேடினும் இது புலப்படாது. ஒப்பந்தங்களைப் படித்தவரே அறிவர். 1970ஆம் ஆண்டு செய்த உடன்படிக்கையால் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. அதே 8,000 ஏக்கருக்கு ஆண்டுத் தொகை 2,40,000 ரூபாய் ஆயிற்று.